ஆறின எஞ்சினைப் பார், மகன்

அன்பு மகனுக்கு,

நீ வாங்க நினைக்கும் பழைய காரின் படங்களை அம்மா மூன்று தரம் பார்த்துவிட்டா, கார் வடிவாக இருக்காம். எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. நுவரெலியாவில் இருந்து மாதம் ஒருதரம் மட்டக்களப்புக்கு வந்துபோக டொயோட்டா 121 கொரோல்லா டீசல் உனக்குத் தோதான வண்டி. ஆனால் அந்த வீடியோவில் ஆள் சாவியைத் திருப்பினதும் எஞ்சின் பிடித்துக்கொண்டதே, அதை மட்டும் நம்பி முற்பணம் கொடுத்துவிடாதே. அது நல்ல வெயிலில் எடுத்த வீடியோ, அதற்கு முதல் அந்தக் கார் எங்கே ஓடிவிட்டு வந்து நின்றது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நம்முடைய பழைய வான் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது தரம் ஆறு. நான் அதைப் பார்க்கப் போன நேரம் விற்றவர் வாசலில் எஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தார், நமக்காக ஆயத்தமாக நிற்கிறாரே என்று நானும் சந்தோசப்பட்டேன். வாங்கி வந்து இரண்டு மாதம் கல்லடிக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில் ஓடும்வரை ஒரு சத்தமும் இல்லை, இங்கே ஏற்றம் எங்கே இருக்கு, முழுக்கச் சமதரைதானே. மறுகா மாமாவின் மகள் கல்யாணத்துக்கு எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மகியங்கனையால் கண்டிக்குப் போனபோது, அந்த 18 வளைவில் பாதிகூட ஏறவில்லை, சூட்டு முள் சிவப்பைத் தொட்டு பொனற்றுக்குள்ளால் ஆவி வந்துவிட்டது. நீ அப்பம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தாய். கராஜில் கழற்றிப் பார்த்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில் வெடிப்பு விழுந்திருந்தது, அதுவும் முந்தியே ஒருதரம் வெடித்து ஒட்டுப் போட்ட ஹெட். அம்மாவின் காப்பு இரண்டும் அடகுக்குப் போனது அந்த மாதம்தான், அப்போது உங்களுக்கு நாங்கள் சொல்லவில்லை.

ஆகவே ஆறிக் கிடக்கும் எஞ்சினைக் காலையில் போய்ப் பார். போனதும் முதலில் பொனற்றில் கையை வை, சூடாக இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பு, வெட்கப்படாதே. டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் எஞ்சின் போல நெருப்புப் பொறி போடும் பிளக் இல்லை, காற்றை இறுக்கி இறுக்கியே சூடாக்கி அந்தச் சூட்டில்தான் டீசலை எரிக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து இறுக்கம் குறைந்திருந்தாலும், குளிரில் எஞ்சின் பிடிக்கச் சூடு கொடுக்கும் ஹீற்றர் பிளக் செத்திருந்தாலும், ஆறின எஞ்சின் பிடிக்கக் கஷ்டப்படும், நடுங்கும், நெடுநேரம் வெள்ளைப் புகை தள்ளும். கொஞ்ச நேரம் ஓடிச் சூடானதும் இதில் பாதி மறைந்துபோகும். இங்கே நம்முடைய வெக்கையில் ஹீற்றர் பிளக் நாலும் செத்த வண்டிகூட ஓடும், ஆனால் நீ இருக்கிற இடத்துக் காலைக் குளிரில், பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நிற்கும்போதுதான் அது காலை வாரும்.

புகையை நன்றாகக் கவனி. ஆறின எஞ்சினில் முதல் சில வினாடி வரும் வெள்ளைப் புகைக்குப் பயப்படாதே. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தால் தண்ணி எஞ்சினுக்குள் புகுந்து ஆவியாகிறது அல்லது டீசல் எரியாமல் வருகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது, அதோடு பேச்சை நிறுத்திவிடலாம். மிதிக்கும்போது கறுப்பாகக் கக்கினால் எயார் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் பிழையாக இருக்கலாம், செலவு சின்னதாகவும் போகும் பெரிதாகவும் போகும். புகைச் சான்றிதழைக் காட்டி உன் வாயை அடைக்கப் பார்ப்பார்கள், அந்த ஒரு நாளுக்காக எஞ்சினுக்குப் போகும் டீசலைக் குறைத்து வைத்துப் பாஸ் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயிலேயே தலைகீழாகச் சும்மா வைத்துப் பார். லேசாக ஆடினால் பரவாயில்லை, பெருமூச்சு விடுகிறமாதிரி புஸ்புஸ் என்று புகை வந்து மூடியைத் தள்ளிவிட்டால் ரிங் போய்விட்டது. ஒயில் கறுப்பாக இருக்கிறதே என்று பயப்படாதே, டீசலில் ஒயில் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால்தான் பயம், ஒயிலோடு தண்ணி கலந்திருக்கிறது.

நீ மறக்கவே கூடாதது தண்ணிப் பக்கம். ஸ்டார்ட் பண்ண முதல், ஆறியிருக்கும்போது மட்டும், ரேடியேற்றர் மூடியைத் திற. தண்ணியின் மேல் எண்ணெய் மிதக்கிறதா, துருப்பிடித்த மண்ணிறமாக இருக்கிறதா, கசிவை அடைக்கும் தூள் ஏதும் போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார். ஸ்டார்ட் பண்ணி ஓரிரு நிமிசத்தில், எஞ்சின் சூடாக முதலே, மேல் குழாய் கல்லுமாதிரி இறுகினாலோ தண்ணிக்குள் குமிழி விடாமல் வந்தாலோ ஹெட்டிலோ அதன் அடியில் இருக்கும் காஸ்கட்டிலோ கோளாறு. 121இல் இருப்பது 3சி எஞ்சின், 2.2 லீற்றர். இந்த 2சி, 3சி எஞ்சின்கள் பாடுபட்டு ஓடும், ஆனால் ஒருதரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் ஹெட் வெடிப்பது அவற்றின் குணம். உன் பாதை முழுக்க ஏற்றம் என்பதால்தான் இதை இவ்வளவு எழுதுகிறேன். குறைந்தது அரை மணித்தியாலம் ஏற்றத்தில், ஏசியையும் போட்டு ஓட்டிப் பார், சூட்டு முள் நடுவைத் தாண்டக் கூடாது.

ஓட்டி முடிந்து சுடச்சுட நிறுத்தி, பத்து நிமிசம் கதைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணு. டீசல் பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால் சூட்டில் டீசல் இளகிப் போதிய அழுத்தம் வராது, இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். இந்த 3சியின் பம்ப் எலக்ட்ரோனிக், எல்லா கராஜ் பாஸ்மாரும் கை வைக்கமாட்டார்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேள், பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்து அந்தக் காசையும் விலையில் குறைத்துக் கேள். 1,00,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்ற வேண்டிய சாமான், ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து எஞ்சினே போகும்.

மீற்றர் காட்டும் கணக்கை நம்பாதே, பிரேக் மிதியின் ரப்பரையும் ஸ்டியரிங் தேய்மானத்தையும் பார். சீற் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு இங்கே எத்தனை வாகனங்களைக் காயவைத்துக் கழுவி விற்றார்கள் என்று நான் கண்ணால் கண்டவன். கடற்கரை ஊரில் ஓடிய வண்டி என்றால் கீழே படுத்துத் துருவைப் பார்.

உன் சிநேகிதன் சொல்லும் டபிள் கப் பிக்கப்பும் நல்லதுதான், ஆனால் அது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் இருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் முறை. 1,000 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டர்கள், டீசலில் கொஞ்சம் தண்ணியோ மண்ணெண்ணெயோ கலந்தாலும் கெட்டுப்போகும். நாலு இன்ஜெக்டருக்கும் சின்னப் போத்தல் கட்டி, திரும்பி வரும் டீசலை அளந்து காட்டச் சொல்லாமல் அந்தப் பக்கம் போகாதே. புகை வடிகட்டி உள்ள புது வண்டிகளில் ஒயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றால் டீசல் ஒயிலுக்குள் இறங்கியிருக்கலாம், அதையும் பார்.

பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வரும்வரை காசு கொடுக்காதே. செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் நீயே குனிந்து வாசி. பெயர் மாற்றாத திறந்த பத்திரத்தில் வாங்கும் எண்ணமே வேண்டாம்.

அம்மா காப்பை மீட்டு வைத்திருக்கிறா, உனக்குக் காசு குறைந்தால் தருவதாகச் சொல்கிறா. அதை நீ வாங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சனி இரவே நான் கண்டிக்கு வந்துவிடுகிறேன், நீயும் வந்துவிடு, ஞாயிறு விடிய இரண்டு பேருமாகப் போவோம். அந்த ஆளுக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுத்து, நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா