பணியிடச் சமவாய்ப்பு ஏற்பாடுகளைக் கைவிடலாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, அனைவரையும் உள்ளடக்குதல் என்ற நோக்கங்களோடு அமெரிக்க நிறுவனங்கள் செய்துவந்த ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுவதைப் பாராட்டியும், இந்தியாவிலும் அவ்வாறு செய்தால்தான் தகுதிக்கு மதிப்புக் கிடைக்கும் என்று வாதிட்டும் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் அண்மையில் வாசகர் கடிதங்கள் சில வெளிவந்தன. நான் வாளையாற்றுக்கு இப்பால், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். கஞ்சிக்கோட்டில் உள்ள ஓர் உருக்காலையின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ஆள் எடுப்பதும் பதவி உயர்வு கொடுப்பதும் எப்படி நடக்கின்றன என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் அக்கடிதங்களுக்கு மறுப்பு எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

அமெரிக்காவில் நடந்தது என்ன என்பதை முதலில் சரியாகச் சொல்லிவிட வேண்டும். அரசோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிறுவனங்கள் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் பெயரால் எவரையும் ஒதுக்கக் கூடாது, ஒதுக்கப்பட்டவர்களுக்கு வாய்ப்பு அளிக்க முயற்சியும் எடுக்க வேண்டும் என்று அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 செப்டம்பரில் ஆணை பிறப்பித்தார்; பாலினமும் அதில் 1967இல் சேர்க்கப்பட்டது. நிக்சன், ரீகன் போன்ற குடியரசுக் கட்சி அதிபர்களின் காலத்திலும் நீக்கப்படாமல் இருந்த அந்த ஆணையைத்தான் அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 21 அன்று ரத்து செய்தார். ஆனால், வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. வால்மார்ட்டும் மெட்டாவும் டிரம்பின் ஆணை வருவதற்கு முன்பே தம் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன என்பது உண்மைதான். ஆனால் அதே ஜனவரியில், இத்தகைய ஏற்பாடுகளின் பாதகங்களை ஆராய வேண்டும் என்று கேட்டு வந்த தீர்மானத்தைக் காஸ்ட்கோ நிறுவனத்தின் பங்குதாரர்கள் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளால் தள்ளுபடி செய்தார்கள் என்பதை நம் கடிதக்காரர்கள் ஒருவரும் குறிப்பிடவில்லை. போட்ட பணத்துக்குக் கணக்குப் பார்ப்பவர்கள் பங்குதாரர்கள். இந்த ஏற்பாடுகளால் தொழில் கெட்டது என்று அவர்கள் நம்பியிருந்தால் அப்படி வாக்களித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஜனவரி ஆணையிலேயே இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு வேலையில் அளிக்கப்படும் முன்னுரிமையும், அரசுக் கட்டடங்களில் கடை நடத்தப் பார்வையற்றோருக்கு உள்ள முன்னுரிமையும் அந்த ஆணைக்குக் கட்டுப்படா என்று அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் முன்னுரிமை என்பதே தகுதிக்கு எதிரி என்றால் இந்த இரண்டும் அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்? ஒரு பிரிவினருக்குக் கை கொடுப்பது நியாயம் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்; எந்தப் பிரிவினருக்கு என்பதில்தான் அவர்களுடைய அரசியல் இருக்கிறது.

தகுதி என்ற சொல்லை நம்மூரில் எடுத்துப் பேசுவோருக்கு, கேரளத்திலிருந்தே எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். பதிவுத் துறையில் கீழ்நிலை எழுத்தர்கள் மேல்நிலை எழுத்தர்களாக உயர வேண்டுமானால் துறைத் தேர்வுகளில் வெற்றி பெற வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்கள் அத்தேர்வுகளை எழுதி முடிக்கக் குறிப்பிட்ட காலம் வரை விலக்கு அளிக்கலாம் என்று 1972இல் கேரள அரசு விதி வகுத்தது. அவ்வாண்டில் அத்துறையில் நிரப்பப்பட்ட 51 இடங்களில் 34 அப்படி விலக்குப் பெற்றவர்களுக்குச் சென்றன. தேர்வில் வெற்றி பெற்றும் பதவி உயர்வு கிடைக்காத ஓர் ஊழியர் வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது. கேரள அரசு எதிர் என்.எம். தாமஸ் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் அவ்வழக்கில் 1975 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஐவர் அந்த விதி செல்லும் என்றார்கள். நம் பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் அவர்களுள் ஒருவர். பின்தங்கியோருக்கு இடமளிப்பது சமத்துவத்துக்கு விதிவிலக்கு அன்று, அரசமைப்பின் 16ஆவது பிரிவு உறுதியளிக்கும் சமவாய்ப்பின் ஒரு கூறே அது என்ற கருத்து இந்தத் தீர்ப்பினால்தான் வேரூன்றியது.

இவ்வழக்கை நான் இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த ஊழியர்களுக்குத் தேர்வு அடியோடு தள்ளுபடி ஆகிவிடவில்லை. அதை எழுதி முடிக்கக் கூடுதல் காலம் தரப்பட்டது, அவ்வளவே. வீட்டில் முதல் தலைமுறையாக அரசு அலுவலகத்துக்குள் காலடி வைத்த ஒருவருக்கும், அப்பாவும் மாமாவும் அதே துறையில் இருந்து எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஒருவருக்கும் இடையே உள்ள தூரத்தைச் சற்றே குறைக்கும் அந்த ஏற்பாட்டைத் தகுதிக்குச் செய்த துரோகம் என்று கூற எனக்கு மனம் வரவில்லை. வழக்குத் தொடுத்தவரின் வருத்தமும் உண்மையானதுதான். படித்துத் தேறியவருக்குக் காத்திருப்பது வலிக்கும். ஆயினும் அவருடைய வருத்தத்தை மட்டும் எண்ணிப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களின் வருத்தத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நடுவுநிலைமை ஆகாது.

எங்கள் எல்லைப் பகுதியின் நிலைமைக்கு வருகிறேன். கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளித்திருக்கிறது. ஆலைக்குள் அப்படி எந்த உரிமையும் எங்களுக்கு இருந்ததில்லை. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் இருந்தால் போதும் என்பதுதான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் விதியாக இருந்தது. எஞ்சியவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்த விதியில் விடை இருக்கவில்லை. நான் பணியாற்றிய ஆலையில் வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களும், பிறகு ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களும் உலைப் பகுதியில் நிறைந்திருக்க, எச்சரிக்கைப் பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே தொங்கின. புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கையில் தீக்காயம் பட்ட பிறகே அவை ஐந்து மொழிகளில், படத்தோடு எழுதப்பட்டன. சில ஆயிரம் ரூபாய் கூடச் செலவாகாத வேலை அது. மேற்பார்வையாளர் தேர்வை ஆங்கில வினாத்தாளில் மட்டும் நடத்திக்கொண்டிருந்த வரை, உருகிய இரும்பின் நிறத்தைக் கண்டே அதன் பக்குவத்தைச் சொல்லிவிடும் அனுபவசாலிகள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். செய்முறைத் தேர்வும் அவரவர் மொழியில் வாய்மொழித் தேர்வும் வந்தபின் அவர்களில் பலர் தேறினார்கள். அவர்களுக்காக மதிப்பெண் எதுவும் குறைக்கப்படவில்லை. உலையை நடத்தத் தெரிந்தவர் யார் என்பதே அதுவரை அளக்கப்படாமல் இருந்தது.

இந்த ஏற்பாடுகள் பெண்களையோ சிறுபான்மையினரையோ தவிர மற்றவர்களுக்குப் பயன்படா என்ற எண்ணமும் தவறு. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்கள் கோழிக்கோட்டில் தொடங்கி நடத்திய போராட்டத்தின் விளைவாகக் கேரளம் 2018இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையை வழங்கியது. தமிழ்நாடு 2021இல் அதே வழியைப் பின்பற்றியது. இன்று அந்த இருக்கையில் ஆண் ஊழியர்களும் உட்காருகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறிக் கோவைக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கால்களுக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை அவர்களுடைய வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

எதிர்ப்பாளர்கள் கூறும் ஒரு குறையை நான் மறுக்கவில்லை. மகளிர் தினத்தன்று பூங்கொத்துக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களும், ஆண்டுக்கொரு முறை வகுப்பு நடத்திக் கையெழுத்து வாங்கிக்கொள்வதையே சாதனையாகக் காட்டும் நிறுவனங்களும் உண்டு. அவற்றைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு நிறுவனம் இதைச் சரியாகச் செய்யவில்லை என்றால் சரியாகச் செய்யும்படி கேட்பதுதானே முறை?

என் கவலை இப்போது கோவையிலும் கொச்சியிலும் உள்ள அமெரிக்க நிறுவனங்களின் கிளைகளைப் பற்றியது. தலைமையகத்தில் எடுத்துவிட்டார்கள், நாமும் எடுத்துவிடலாம் என்று அங்குள்ள மேலாளர்கள் நினைத்துவிடக் கூடாது. வாஷிங்டனில் இடப்படும் கையெழுத்து இந்தியச் சட்டத்தை மாற்றாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும், தனியார் நிறுவனம் உட்பட, வகுத்து வெளியிட வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு. மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது 2017ஆம் ஆண்டின் திருத்தம். திருநங்கை, திருநம்பியரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது, புகார்களைக் கவனிக்க அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் சட்டம். இவற்றுள் எதையும் நாம் அமெரிக்காவிடம் கடன் வாங்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் உள்ள நிறுவனங்கள் தங்கள் சமவாய்ப்புக் கொள்கையைத் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் எழுதி வாயில் பலகையில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டப்பட்டிருக்கிறதா, புகார்க் குழுக்களில் உண்மையில் ஆட்கள் இருக்கிறார்களா என்பதைத் தங்கள் செய்தியாளர்கள் எல்லைக்கு இருபுறமும் நேரில் சென்று பார்த்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம்