ஓட்டைகளின் கணக்கை முதலில் காட்டுங்கள்

காவிரிப் படுகையின் ஆழத்தில் கரியமில வாயுவைப் புதைக்க முடியுமா என்று ஆராயும் புவியியல் ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். திருவாரூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் முப்பது வருடம் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இதை இன்னொரு எதிர்ப்பு மனு என்று நினைத்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வு தேவை என்று நினைப்பவன்தான் எழுதுகிறேன். அரியலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் சிப்பிகளும் நத்தைகளும் சுண்ணாம்புக்கல்லாகி, அந்தக் கல் இன்று சிமெண்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. கல்லைச் சுட்டாலே அதற்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியே வந்துவிடும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் எரித்தாலும் அது நிற்காது. அதைப் பிடித்து மறுபடி பூமிக்குள் அனுப்புவது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

இந்தியப் பாறைகள் எவ்வளவு தாங்கும் என்று மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: 395 முதல் 614 கிகா டன் வரை (ஒரு கிகா டன் என்பது நூறு கோடி டன்). இரண்டு எண்ணுக்கும் நடுவே 200 கிகா டன்னுக்கு மேல் இடைவெளி. களத்துமேட்டில் நின்று கண்மதிப்பாக நெல்லுக்கு விலை பேசும் எங்கள் ஊர் வியாபாரி இதைவிடக் கிட்டத்தில் சொல்வார்! கிண்டல் இல்லை, தோண்டிப் பார்க்காத பாறைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும் என்பது புரிகிறது. அதனால்தான் ஆய்வு வேண்டும் என்கிறேன்.

பாறையை நான் சந்தேகிக்கவில்லை. 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தில் இந்த வாயு நெருங்கி, கிட்டத்தட்டத் திரவம்போல் ஆகிவிடும். மேலே 500 கன மீட்டருக்கு மேல் இடம் கேட்கும் ஒரு டன், கீழே ஏறத்தாழ 2 கன மீட்டரில் அடங்கும். மணற்கல்லின் நுண்துளைகளில் இருக்கும் உப்புநீரைத் தள்ளிக்கொண்டு அது உட்காரும். மேலே மூடிபோல ஒரு களிப்பாறை இருந்தால் ஏறி வராது. நம் படுகையில் இந்த அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்களே வைத்திருக்கிறீர்கள்: ஆண்டிமடம் மணற்கல், அதன்மேல் சாத்தப்பாடி களிப்பாறை, அதற்கும் மேல் புவனகிரி மணற்கல். பேருந்துப் பலகையில் படித்த ஊர்களெல்லாம் காலடியில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்த அன்று எனக்கு ஒரே சிரிப்பு. வடகடலில் நார்வே 1996 முதல் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை இப்படி இறக்கி வருகிறது.

என் பயம் வேறு. மூடி நல்ல மூடிதான், ஆனால் அதில் நாமே எத்தனை ஓட்டை போட்டிருக்கிறோம்?

1960களிலிருந்து எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இந்தப் படுகையில் துளைத்த கிணறுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால், குத்தாலம் என்று அவை பரவிக் கிடக்கின்றன. எண்ணெய் எடுக்கப் போட்ட கிணற்றில் இறக்கிய இரும்புக் குழாயும் சுற்றி ஊற்றிய சிமெண்ட்டும், கரியமில வாயு கரைந்த தண்ணீரை நூறு வருடம் தாங்கட்டும் என்று செய்தவை அல்ல. அந்தத் தண்ணீர் அமிலம். சோடாவில் நாக்கைச் சுருக்கென்று கடிப்பது அதே அமிலம்தான். இரும்பை அரிக்கும், சிமெண்ட்டைத் தின்னும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து டெக்கேட்டரில், கசிவைக் கண்காணிப்பதற்கென்றே போட்ட கிணற்றின் குழாய் அரித்துப்போய், அனுமதி இல்லாத அடுக்குக்குள் வாயு புகுந்தது 2024இல் தெரியவந்தது. குடிநீர் கெடவில்லை என்றார்கள். சரி. ஆனால் புதுக் கிணறு, காவலுக்கென்றே வைத்த கிணறு! நம்முடையவற்றில் சில அறுபது வருடப் பழசு.

எங்கள் ஊர் எல்லையில் அப்படி ஒன்று உண்டு. முள்கம்பி வேலி, உள்ளே கருவேலம், நடுவில் துருப்பிடித்த குழாய்த் தலை. உள்ளே எவ்வளவு ஆழத்துக்குச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள், அடைத்தார்களா என்றே ஊரில் எவருக்கும் தெரியாது. நான் இரண்டு முறை கடிதம் போட்டுக் கேட்டேன். ஒரு முறை பதில் இல்லை. இன்னொரு முறை வேறு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே. எவ்வளவு டன் கொள்ளும் என்று வரைபடம் போடுவதற்கு முன்னால், மூடிய கிணறு, கைவிட்ட கிணறு அத்தனைக்கும் ஒரு பதிவேடு வெளியிடுங்கள். ஆழம், தோண்டிய வருடம், அடைத்த விதம், கடைசியாகச் சோதித்த நாள் எல்லாம் அதில் தமிழில் இருக்க வேண்டும், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டும் அளவுக்கு.

கூடவே ஒரு சந்தேகம். 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் எண்ணெயும் எரிவாயுவும் புதிதாக எடுப்பதைத் தடுக்கிறது. எடுப்பதைப் பற்றிச் சட்டம் பேசுகிறது, சரி; உள்ளே இறக்குவது அதில் வருமா? வாயுவை உள்ளே செலுத்திப் பழைய கிணற்றில் மிச்ச எண்ணெயை வெளியே தள்ளும் முறையும் உண்டே, அது இறக்குவதா எடுப்பதா? வக்கீல்கள் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் 2017இல் ஏன் கொதித்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெதர்லாந்தில் பாரென்ட்ரெக்ட் என்ற ஊரின் அடியில் காலியான எரிவாயு வயலில் இதே வாயுவை அடைக்கத் திட்டம் போட்டார்கள். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, 2010இல் அரசு கைவிட்டது. ஜெர்மனியில் கெட்சின் என்ற இடத்தில் 2008 முதல் 2013 வரை சுமார் 67,000 டன் இறக்கினார்கள். வருகிறவர்களுக்குக் களத்தைக் காட்டி விளக்கினார்கள், வேலை முடிந்ததும் கிணறுகளை அடைத்தார்கள். பாறை இரண்டு இடத்திலும் பாறைதான்.

நீங்கள் வருவதாக இருந்தால் மாசியில் வாருங்கள். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும். வரப்பு வழியே நடந்தே அந்த முள்வேலிக்குப் போய்விடலாம். கருவேலத்தை வெட்ட அரிவாள் நான் கொண்டு வருகிறேன். கிணற்றின் கோப்பு நீங்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்