மூணு கம்பி, நாலு கம்பி

அம்மாபேட்டை, சேலம்.
மே 10

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பதில் போடாததுக்கு இந்தத் தடவை பொய்க் காரணம் சொல்லத் தேவையில்லை. என் கம்ப்யூட்டரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். நீயும் உன்னுதைப் பத்தித்தானே புலம்பியிருந்தே? உன்னுதுல ஃபேன் சுத்தவே மாட்டேங்குது, என்னுதுல ஓயவே மாட்டேன்னுச்சு. உன் கதைக்கு அப்புறம் வர்றேன், முதல்ல என் கதையைக் கேளு.

பங்குனியில பிராசஸர் மேல இருக்கிற ஃபேன் கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. பேரிங் போயிடுச்சு. கடையில கொடுத்து வேற ஃபேன் மாட்டிக்கிட்டு வந்தேன். கரகர போச்சு, அதுக்குப் பதிலா உய்ய்ன்னு ஒரு இரைச்சல். காலையில பட்டனை அமுக்கினா ராத்திரி நிறுத்துற வரைக்கும் ஒரே சுருதி. உனக்குத் தெரியும், நாலு குழித்தறி ஓடின வீட்டுல, தறிக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கி வளர்ந்தவன் நான். எனக்குச் சத்தம் ஒண்ணும் புதுசில்ல. ஆனா தறிக்கு ஒரு தாளம் இருக்குடா. இதுக்கு அது இல்ல. சேலை பார்டருக்கு கிராஃப் போடும்போது ஒவ்வொரு கட்டமா எண்ணணும். இந்த இரைச்சல்ல எண்ணிக்கை தவறித் தவறிப் போச்சு.

எல்லாரும் சொல்றதைத்தான் முதல்ல செஞ்சேன். கழட்டித் துடைச்சேன். பிராசஸர் சூட்டை வாங்கி வெளியே விடுற ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவுல பஞ்சும் பட்டு நூல் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி படிஞ்சிருந்துச்சு. நம்ம தெருவுல வேற என்ன இருக்கும்! அதுக்கும் பிராசஸருக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பேஸ்ட் காய்ஞ்சு போயிருந்துச்சு, அதைச் சுரண்டிட்டுப் புதுசு வெச்சேன். சூடு எட்டு டிகிரி இறங்கிச்சு. சத்தம் ஒரு இம்மி குறையலை. அங்கயே எனக்கு உறைச்சிருக்கணும். சூடு குறைஞ்சும் வேகம் குறையலைன்னா, அந்த ஃபேன் சூட்டைப் பார்த்துச் சுத்தலைன்னுதானே அர்த்தம்?

என்னை ஏமாத்தினது பயாஸ் திரை, அதான், கம்ப்யூட்டர் கிளம்பும்போதே மதர்போர்டோட அமைப்புகளை மாத்துற இடம். அதுல ஃபேன் வேகம் நிமிஷத்துக்கு 2,200 சுத்துன்னு சுத்தமா காட்டுது. வேகத்தைப் படிக்கத் தெரிஞ்ச போர்டுக்கு வேகத்தைக் குறைக்கவும் தெரியும்னு நினைச்சுட்டேன். 'சைலன்ட்'னு வெச்சுப் பார்த்தேன், எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம்னு காட்டுற கோட்டைக் கீழே இழுத்துப் பார்த்தேன், எண் அசையலை. ஒருத்தர்கிட்ட கேட்டேன், "போர்டு போயிருக்கும், மாத்திடுங்க"ன்னுட்டார். மாத்தியிருப்பேன். மேசை டிராயர்ல ஸ்குரூ டிரைவர் தேடும்போது பழைய ஃபேன் கையில தட்டுப்பட்டுச்சு. அதோட ஒயரைப் பார்த்தேன், நாலு கம்பி. புதுசைப் பார்த்தேன், மூணு.

விஷயம் அவ்வளவுதான். கொஞ்சம் விளக்குறேன், உன் ஃபிசிக்ஸ் வாத்தியார் புத்திக்குப் பிடிக்கும். முதல் ரெண்டு கம்பி கரண்டுக்கு, 12 வோல்ட். மூணாவது கம்பி ஃபேன்கிட்டருந்து போர்டுக்குச் சேதி சொல்லுது: ஒரு சுத்துக்கு ரெண்டு துடிப்பு, அதை எண்ணித்தான் வேகம் காட்டுது. நாலாவது கம்பிதான் போர்டு ஃபேனுக்குப் போடுற கட்டளை. 2004 வாக்குல இன்டெல், பிராசஸரைப் பொருத்துற புது சாக்கெட் கொண்டு வந்தப்போ பரவின முறை இது. பி.டபிள்யூ.எம்-ங்கிறாங்க. 12 வோல்ட் முழுசா வந்துக்கிட்டே இருக்கும். நாலாவது கம்பியில வினாடிக்கு 25,000 தடவை 'போ, நில், போ, நில்'னு சமிக்ஞை போகும். 'போ' எவ்வளவு நேரம்ங்கிறதை வெச்சு வேகம். அது ஏன் 25,000? மனுசக் காதுக்கு 20,000-க்கு மேல கேக்காது. குறைவா வெச்சா ஃபேனுக்குள்ள இருக்கிற கம்பிச் சுருளே ரீங்காரம் போட ஆரம்பிச்சுடும்.

மூணு கம்பி ஃபேனுக்கு வேற வழி. நம்ம பள்ளிக்கூடத்துல சுவத்துல ஒரு கனமான ரெகுலேட்டர் பெட்டி சூடேறிக்கிட்டு இருக்குமே, அது செஞ்ச வேலைதான்: வோல்ட்டைக் குறைச்சாதான் வேகம் குறையும். என் போர்டு என்னடான்னா பி.டபிள்யூ.எம்-ல இருந்துக்கிட்டு, இல்லாத நாலாவது கம்பிக்குக் கட்டளை போட்டுக்கிட்டே இருந்திருக்கு. ஃபேனுக்கு வந்தது முழு 12 வோல்ட்டு மட்டும். மூணாவது கம்பி இருக்கிறதால வேகம் மட்டும் ஒழுங்கா திரையில தெரிஞ்சுது. கடைப் பையனைக் குத்தம் சொல்ல மனசு வரலை. மூணு ஓட்டை பிளக்கு நாலு முள்ளுல அச்சா உட்காருது.

பயாஸ்ல அந்த ஃபேனுக்கு பி.டபிள்யூ.எம்-ங்கிறதை டி.சி-ன்னு, அதாவது வோல்ட்டைக் குறைச்சு வேகத்தைக் குறைக்கிற முறைக்கு, மாத்தினேன். கரண்ட் போன மாதிரி அமைதி. ஸ்கிரீன் எரியுதான்னு பார்த்தேன். 950-ல சுத்திக்கிட்டு இருக்கு. வேகத்தைப் பாதியாக்கினா காத்து பாதிதான் குறையுது, சத்தமோ 15 டெசிபல் போல இறங்கிடுது. இந்தக் கணக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிருக்க மாட்டேன்.

அதோட விட்டேனா? இன்னும் குறைக்கலாம்னு வோல்ட்டை 30 சதவீதம் வரைக்கும் இறக்கினேன். மறுநாள் காலையில 'சிபியூ ஃபேன் எரர்'னு கறுப்புத் திரை. ஓடுற வண்டியைத் தள்ளுறதுக்கும் நின்ன வண்டியைத் தள்ளுறதுக்கும் வித்தியாசம் இருக்கில்ல? குறைஞ்ச வோல்ட்டுல ஓடிக்கிட்டிருக்கிற ஃபேன், நின்ன இடத்துலருந்து கிளம்ப அந்த வோல்ட்டு பத்தலை. 50-க்கு ஏத்திட்டேன்.

அடுத்த தொல்லை வெயில். அந்தக் கோடு 40 டிகிரியிலயே ஏற ஆரம்பிக்குது. ஓட்டு வீட்டுல மத்தியானம் அறைக்குள்ளயே 38. சும்மா இருந்தாலே சிப்பு 50-ஐத் தாண்டும். ஏன்னா அறைச் சூட்டுக்கு மேலதான் அதோட சூடு, எந்த ஃபேனாலயும் அறையை விடக் குளிரா ஆக்க முடியாது. அதே மெஷின் ஏற்காட்டுல உன் வீட்டுல 22 டிகிரியில இருந்தா 16 டிகிரி அப்படியே இறங்கிடும். நான் கோட்டோட தொடக்கத்தை 58-க்குத் தள்ளினேன். கூடவே ஃபேன் உடனே துள்ளாம சில வினாடி பொறுத்து ஏறுற மாதிரி வெச்சேன். இல்லேன்னா ஒவ்வொரு டிசைன் ஃபைலைத் திறக்கும்போதும் சூடு ஒரு நொடி எகிற, ஃபேனும் பெருமூச்சு விடுற மாதிரி ஏறி ஏறி இறங்கும்.

இப்போ உன் கதை. பறவைப் படங்களைத் திருத்தும்போது கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் அசையறதே இல்லைன்னு எழுதியிருந்தே. பெரும்பாலும் அது கெட்டுப் போகலைடா. இப்போ வர்ற பல கார்டு, கார்டைப் பொறுத்து 50, 60 டிகிரி வரைக்கும் ஃபேனை நிறுத்தியே வெச்சிருக்கும். ஏற்காடு குளிர்ல, போட்டோ திருத்துறதுக்கெல்லாம் அந்தச் சூடு எங்கே வரப் போகுது? 1,500 மீட்டர் உயரத்துல காத்து லேசு, அதே வேகத்துல கொஞ்சம் கம்மியாத்தான் சூட்டை எடுக்கும். ஆனா உன் குளிர் அதை ஈடுகட்டிடும். பேரனை ஒரு கேம் ஓட்டச் சொல்லு, கார்டு சூட்டைக் காட்டுற புரோகிராம் ஒண்ணைத் திறந்து வெச்சுப் பாரு. 65 தாண்டியும் சுத்தலைன்னா அப்போ கவலைப்படு. பென்சிலை விட்டுத் தள்ளிப் பார்க்காதே, உன்னைத் தெரியும் எனக்கு.

வீட்டுல எல்லாரும் சௌக்கியம். மூத்தவளுக்கு ஓசூர்ல வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. தங்கச்சியை விசாரிச்சேன்னு சொல்லு. பூ பூக்குற நேரத்துல மழை பெஞ்சுதா, காப்பி எப்படி இருக்குன்னு நீ எழுதவே இல்லையே? குண்டு மாங்காய் மார்க்கெட்டுக்கு வந்தாச்சு, மல்கோவா இன்னும் புளிக்குது. கோடை விழா கூட்டத்துல அந்த 20 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்ந்து வர எனக்குத் தெம்பு இல்ல. விழா முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை வர்றேன். மல்கோவா பழுத்திருந்தா ஒரு கூடை, இல்லேன்னா தட்டுவடை செட். அதுவரைக்கும் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறக்காதே.

உன்,
ராஜாராம்

பி.கு.: போன வருசத்து மிளகு தீர்ந்து போச்சு.