அந்தப் பாட்டுப் புத்தகம் ஏன் விற்பனைக்கு இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நாங்கள் அனுப்பிய புதுவரவுப் படங்களில், மங்குத் தட்டுகளுக்கும் மரப்பாச்சிகளுக்கும் நடுவே, ‘நாம் இருவர்’ திரைப்படத்தின் பாட்டுப் புத்தகமும் விலைச்சீட்டோடு இடம்பெற்றுவிட்டது. தவறு எங்களுடையது. நான்கு பேர் கேட்டிருந்தீர்கள். ஒருவர் பணமே அனுப்பிவிட்டார். அவருக்கு அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் காரணம் சொல்லாமல் இல்லையென்பது முறையாகாது.

கண்டனூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாங்கட்டைக் காலி செய்தபோது, தகரப் பெட்டியின் அடியில் கிடைத்த புத்தகம் அது. தொட்டால் உதிரும் தாள்.

அந்தப் படம் நம் மண்ணில் உருவானது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு, அங்கேயே எடுத்து, 1947 பொங்கலுக்கு வெளியிட்டார். பாரதி பாடல்களுக்காகவும் குமாரி கமலாவின் நடனத்துக்காகவும் அதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அது நடிகர் வி.கே. ராமசாமியின் முதல் படம்.

1926இல் விருதுநகரில் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர் அவர். ரஸ்தாவுக்கு வந்தபோது இருபதை ஒட்டிய வயது. ஏற்றதோ, அறுபது வயதுக் கள்ளச்சந்தை வியாபாரியின் வேடம். ஒப்பனைக்காரர் தலையை நரைக்க வைத்துவிடலாம். குரலை நரைக்க வைக்க முடியாது. அதை அந்த இளைஞரே செய்தார்.

அதன் பிறகு சினிமா அவரை இளைஞராக இருக்கவே விடவில்லை. அப்பா, மாமனார், தாத்தா என்றே காலம் ஓடியது. ‘எப்போதும் ஒரே வேடம்தானே’ என்று கடையிலேயே சிலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972) கதாநாயகியின் அப்பா, ‘ருத்ர தாண்டவ’த்தில் (1978) சிவபெருமான், ‘மௌன ராக’த்தில் (1986) அலுவலக மேலதிகாரி, மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். குரல் ஒன்றுதான், ஆட்கள் மூன்று பேர். நடிப்போடு நிற்காமல், ஏ.பி. நாகராஜனோடு சேர்ந்து ‘மக்களைப் பெற்ற மகராசி’யைத் (1957) தயாரிக்கவும் செய்தார். 2002 டிசம்பர் 24 அன்று மறைந்தார்.

ஸ்டூடியோ 1948இலேயே கோடம்பாக்கம் போய்விட்டது. அவர் முதன்முதலாகக் கேமரா முன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகமாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம். காரைக்குடிக்கு வரும்போது கேளுங்கள், எடுத்துத் தருகிறோம். உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். நகல் வேண்டுமானால் பணம் வாங்காமல் அனுப்புகிறோம். உங்கள் வீட்டில் ரஸ்தா ஸ்டூடியோ காலத்துப் புகைப்படமோ துண்டுச்சீட்டோ இருந்தால், எங்களுக்கு விற்க வேண்டியதில்லை. பழைய தாளென்று எடைக்குப் போடும் முன் ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
காரைக்குடி