தம்பிக்கு, முட்டி விஷயமாக

தம்பி,

இங்கே பினாங்கில் நாங்கள் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது.

படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போதுதான் முட்டி வலிக்கிறது என்று போனில் சொன்னாய். அதோடு தைப்பூசத்துக்கு இங்கே வந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறப்போகிறேன் என்கிறாய். பத்துமலைக்கு 272 படி, நம்ம மலைக்கு 513. ஏறினால் மட்டும் போதாது, இறங்கியும் ஆகணும். இறங்கும்போது உடம்புப் பாரத்தைப் பிரேக் போட்டுப் பிடிப்பது தொடையின் முன்பக்கத் தசைதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தால் அந்தத் தசை தளர்ந்துபோகும், பாரம் முட்டியில் இறங்கும். கோடாலித் தைலம் தேய்த்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் தசைக்குப் பலம் வராது.

எனக்கு முட்டி பிடித்துக்கொண்டபோது ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்த, காலை நீட்டித் தூக்கும் பயிற்சியைத்தான் உனக்கு எழுதுகிறேன். முட்டியை மடக்காமலே செய்வதால் வலி இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மெத்தையில் வேண்டாம், அமுங்கும். தரையில் பாய் விரித்து மல்லாந்து படு. ஒரு காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள். இதை விட்டுவிடாதே, இடுப்பைக் காப்பாற்றுவதே அந்த மடக்கிய கால்தான். மற்றக் காலை நேராக நீட்டி, விரல்களை உன் பக்கம் இழு. இப்போது தூக்காதே. முதலில் முட்டியின் பின்பக்கத்தைத் தரையோடு அழுத்து. முட்டிச்சில்லுக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார், தசை கல்லு மாதிரி இறுகணும். இறுகினால்தான் தூக்கலாம். இறுகவில்லை என்றால் சில நாளைக்கு முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திப் பழகு, அதுவே போதும்.

தூக்கும்போது மடக்கிய முட்டியின் உயரத்துக்கு மேல் போகாதே. மேலே நிறுத்தி, ச, ர, வ, ண, ப, வ என்று ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல். ஐந்தாறு விநாடி ஆகிவிடும், பேசிக்கொண்டிருப்பதால் மூச்சையும் அடக்கமாட்டாய். அப்புறம் தொப்பென்று போடாமல் மெல்ல மெல்ல இறக்கு. பாதிப் பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. நீ எல்லாவற்றிலும் அவசரக்காரன், அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். குதிகால் தரையைத் தொட்டதும் தசையைத் தளர்த்திவிட்டு மறுபடியும் தூக்கு. ஒரு காலுக்கு 10 தடவை, பிறகு அடுத்த கால். பழகப் பழக அதையே மூன்று சுற்றாக்கு. இரண்டு காலையும் சேர்த்துத் தூக்காதே, இடுப்பு பிடித்துக்கொள்ளும். காலில் எடை கட்டுவதெல்லாம் இப்போது வேண்டாம்.

மறுநாள் தொடையில் லேசாக வலித்தால் பயப்படாதே, தசை வேலை செய்திருக்கிறது. முட்டிக்குள்ளேயே சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடு. முட்டி வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது கால் நழுவுகிற மாதிரி இருந்தாலோ கிளினிக்குக்குப் போய்க் காட்டு, இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதே. பலம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஆரம்பித்து ஒன்றும் ஆகாது, இன்றைக்கே பாயை விரி.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் செய்து காட்டு. போனைப் பக்கவாட்டில், தரையிலேயே வை. கால்தான் தெரியணும், முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா