ஜொகூர் பாருவுக்கு என்று சொல்லி சாங்கிக்கு விற்ற டிக்கெட்: பணம் திரும்பக் கோரியும் தவறான தகவலை நீக்கக் கோரியும் புகார்

அனுப்புநர்:
திருச்சிராப்பள்ளி வாடிக்கையாளர்
(முன்பதிவு விவரங்கள் இணைப்பில்)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
பயணச் சீட்டு முன்பதிவுப் பிரிவு,
தலைமை அலுவலகம்

பொருள்: சிங்கப்பூர் விசா தேவை என்பதைச் சொல்லாமல் ஜொகூர் பாரு பயணத்துக்குச் சாங்கி வழி டிக்கெட் விற்றது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய நகரமான ‘ஜொகூர் பாரு’வை உங்கள் இணையதளத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது மலேசியாவில் இருக்கும் விமான நிலையம் அல்ல, சிங்கப்பூரின் சாங்கி. ‘அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம், குறைந்த கட்டணம்’ என்று பச்சை நிறத்தில் ஒரு பட்டியும் அதன்மேல் இருக்கிறது. நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. அப்படி வாங்கிய டிக்கெட்டால் என் பெற்றோர் திருச்சி விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டரைக்கூடத் தாண்ட முடியவில்லை.

என் தங்கை கணவரோடு ஜொகூர் பாருவில் குடியிருக்கிறாள். அவளுக்கு இது தலைப்பிரசவம். பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் அவள் இங்கே வர முடியவில்லை. அம்மாவும் அப்பாவும் அங்கே போய் உடனிருப்பது என்று முடிவானது. இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அதனால்தான் டிக்கெட்டோடு நிற்காமல், ‘முழுப் பயண உதவி’ என்ற பெயரில் நீங்கள் விற்கும் கூடுதல் சேவைக்கும், சாங்கியிலிருந்து ஜொகூர் பாரு வீட்டு வாசல் வரை காருக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். உங்கள் ஊழியரிடம் போனில் நான் கேட்ட முதல் கேள்வியே விசா பற்றியதுதான். “மலேசியாவுக்கு நம்ம ஆளுங்களுக்கு விசா வேண்டாம் சார். டிஜிட்டல் வருகை அட்டை மட்டும் போறதுக்கு மூணு நாளைக்குள்ள போட்டுடுங்க” என்றார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மலேசியாவில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் அவர் விற்ற டிக்கெட் மலேசியாவில் போய் இறங்கவில்லையே! அது இறங்குவது சிங்கப்பூரில். சிங்கப்பூருக்குள் நுழைய இந்தியர்களுக்கு முன்கூட்டியே வாங்கிய விசா வேண்டும். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விட்டதுதான் இந்தப் புகாரின் மையம். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு இடத்தில் விசாரித்திருப்பேன். ‘விசா வேண்டாம்’ என்று பணம் வாங்கிய இடத்திலிருந்தே பதில் வந்த பிறகு யாரைப் போய்க் கேட்பது?

கவுண்டரில் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டிகளை எடை போட்டாகிவிட்டது. அதில் ஒன்றில் முழுக்கத் தங்கைக்கான பிரசவ லேகியமும் பத்தியச் சாமான்களும். கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்த பெண், “சிங்கப்பூர் விசா காட்டுங்கம்மா” என்றார். “நாங்க சிங்கப்பூருக்குப் போகலம்மா, ஜொகூருக்குப் போறோம்” என்றார் என் அம்மா. அந்தப் பெண் பொறுமையாகத் திரையைப் பார்த்துவிட்டு, மேலதிகாரியையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, ஏற்றிவிட முடியாது என்று சொல்லிவிட்டார். ஒட்டிய டேக்கைக் கிழித்துப் பெட்டிகளைத் திரும்ப இறக்கினார்கள். எனக்கு அந்த விமான ஊழியர்கள் மேல் எந்த வருத்தமும் இல்லை. ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் பொறுப்பேற்று அவரைத் திருப்பி அழைத்து வரவேண்டியது விமான நிறுவனம்தான். அதற்காகவே பன்னாட்டு விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டாவின் டைமாடிக் என்ற தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டு விதியையும் பார்த்துவிட்டுத்தான் போர்டிங் பாஸ் கொடுக்கிறார்கள். கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது, இறங்கும் இடம் எது என்ற இரண்டு விவரங்களும் முன்பதிவின்போதே உங்கள் கையில் இருந்தன. கவுண்டரில் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்ட விஷயம், சேவைக் கட்டணம் வாங்கிய உங்களுக்கு ஏன் தெரியாமல் போனது?

அன்றே உங்களுக்கு எழுதினேன். வந்த பதில்களில் ஒன்று, ‘உங்கள் பெற்றோர் சாங்கியில் டிரான்சிட் பயணிகள் மட்டுமே, அவர்களுக்கு விசா தேவைப்படாது, விமான நிறுவனம்தான் தவறு செய்துவிட்டது’ என்கிறது. இதை எழுதியவருக்கு அந்த வழியே தெரியவில்லை. குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே இருந்து இன்னொரு விமானம் ஏறுபவருக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். சாங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டுமென்றால் சிங்கப்பூர் குடிநுழைவில் முத்திரை வாங்கி வெளியே வந்து, தீவின் கிழக்கு முனையிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை போய், அங்கே சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனையை முடித்து, 1 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகமான பாலத்தைக் கடந்து, மறுகரையில் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மலேசியக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும். ஹாங்காங் விமான நிலையத்தில் ஸ்கைபியர் என்ற படகுத்துறை இருக்கிறது. அங்கே இறங்குபவர்கள் ஹாங்காங்குக்குள் நுழையாமலே மக்காவ் நகருக்கோ ஷென்ஜெனுக்கோ படகேறிவிடலாம். சாங்கியிலிருந்து ஜொகூர் பாருவுக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது.

இன்னொரு ஊழியர், விசா இல்லாமலே சிங்கப்பூர் வழியாகப் போக விடும் ‘96 மணி நேரச் சலுகை’ பற்றி எழுதியிருந்தார். அது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் வைத்திருப்பவர்களுக்கு. முதல் முறையாக நாட்டைவிட்டு வெளியே போகும் இருவருக்கு அதை எடுத்துக்காட்டுவதில் என்ன பயன்?

சாங்கி வழியாக ஜொகூர் பாருவுக்குப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விமானங்கள் நிறைய, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. சிங்கப்பூர் விசா இருப்பவர்களுக்கும், விசா தேவைப்படாத நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் அது நல்ல வழிதான். ஆனால் அது இன்னொரு நாட்டின் விமான நிலையம். ஜொகூர் மாநிலத்துக்கென்று செனாயில் தனி விமான நிலையம் இருக்கிறது. திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூர் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் செனாய் இறங்கினால், தாண்ட வேண்டியது மலேசியக் குடிநுழைவு ஒன்றுதான். விசாவே தேவையில்லை. கடைசியில் என் பெற்றோரை அந்த வழியாகத்தான் அனுப்பி வைத்தேன், கடைசி நேரக் கட்டணத்தில். நான் தேடிய அன்று உங்கள் தளத்தில் அந்த வழி இரண்டாம் பக்கத்தில், எந்தப் பட்டியும் இல்லாமல் கிடந்தது. ‘கொஞ்சம் கூடுதல் கட்டணம், ஆனால் விசா தேவையில்லை’ என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கே அதை எடுத்திருப்பேன்.

விசா ஒன்று மட்டும்தான் விட்டுப்போனது என்று நினைத்துவிட வேண்டாம். விசாவோடு கிளம்பியிருந்தாலும் நீங்கள் போட்டுக் கொடுத்த திரும்பும் திட்டம் அவர்களை நடுவழியில் விட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு 10 மணி விமானத்துக்கு, ஜொகூர் பாரு வீட்டிலிருந்து 7 மணிக்குக் கார் என்று அதில் இருக்கிறது. வார இறுதியை ஜொகூரில் கழித்துவிட்டுச் சிங்கப்பூர்க்காரர்கள் மொத்தமாக வீடு திரும்பும் நேரம் அது. நீண்ட விடுமுறைகளில் காரில் வந்தவர்கள் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க நேர்ந்ததாகச் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையமே பலமுறை அறிவித்திருக்கிறது. செக்-இன் கவுண்டரோ விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அதுமட்டுமல்ல, திரும்பும்போதும் சிங்கப்பூருக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும் என்பதால் அந்த விசா இரண்டாவது நுழைவுக்கும் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடி ஒருமுறை நிரப்ப வேண்டும். இதில் ஒரு எழுத்துகூட உங்கள் திட்டத்தில் இல்லை.

கார் கிடைக்காவிட்டால் ‘பேருந்திலும் எளிதாகச் செல்லலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உட்லண்ட்ஸில் எல்லாப் பெட்டிகளோடும் இறங்க வேண்டும். சோதனை முடித்து, படியோ நகரும் படியோ ஏறி இறங்கி, அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். வந்த பேருந்து காத்திருக்காது. பாலம் தாண்டியதும் மறுபடி எல்லாப் பெட்டிகளோடும் இறங்கி, மறுபடி வரிசை. முழங்கால் வலியோடு நடக்கும் என் அப்பாவுக்கு, முன்பதிவிலேயே சக்கர நாற்காலி கேட்டிருந்த பயணிக்கு, இதை எளிது என்று எழுத எப்படி மனம் வந்தது?

இதனால் ஏற்பட்ட இழப்பில் பணம் ஒரு பகுதிதான். விடியும்வரை விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அம்மாவும் அப்பாவும் வீடு திரும்பினார்கள். புது டிக்கெட் கிடைத்து அவர்கள் கிளம்புவதற்குள் தங்கைக்கு வலி கண்டுவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்த இரவில் அம்மா திருச்சியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தாயும் குழந்தையும் நலம். ஆனால் மகளின் தலைப்பிரசவத்தில் பக்கத்தில் இருக்க முடியாமல் போனதை எந்தப் பணத்தாலும் திருப்பித் தர முடியாது என்பது உங்களுக்கும் தெரியும்.

‘பயண ஆவணங்களைச் சரிபார்ப்பது பயணியின் பொறுப்பு’ என்ற நிபந்தனையைக் காட்டி, பணம் எதுவும் திரும்பாது என்று முடித்துவிட்டீர்கள். ஆவணங்களைச் சரிபார்த்துச் சொல்கிறோம் என்று தனிக் கட்டணம் வாங்கிய சேவைக்கு இந்த நிபந்தனை எப்படிப் பொருந்தும்? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. விசா தேவைப்படும் வழியை முன்னால் நிறுத்தி, அந்தச் செய்தியை மட்டும் பக்கத்தில் போடாமல் விட்டதை நான் அந்த வகையில்தான் பார்க்கிறேன்.

ஆகவே நான் கேட்பது: இரண்டு டிக்கெட்டுகளின் முழுத் தொகை, ‘முழுப் பயண உதவி’க் கட்டணம், பயன்படுத்தாத காருக்குக் கட்டிய பணம், கோலாலம்பூர் வழியாக எடுத்த புது டிக்கெட்டுகளுக்கு நான் கூடுதலாகக் கொடுத்த வித்தியாசம். டிக்கெட் தொகை பற்றி விமான நிறுவனத்தோடு உங்களுக்கு வழக்கு இருந்தால் அதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. பயணி வராமல் போன டிக்கெட்டுக்கும் அரசு வரிகளையும் பயனாளர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் விதி. நான் எடுத்தது இந்திய விமான நிறுவனத்தின் டிக்கெட். அந்தத் தொகைகூட இன்னும் என் கணக்குக்கு வரவில்லை.

அதோடு, ஜொகூர் பாரு தேடலில் சாங்கியைக் காட்டும் இடத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, ‘இது சிங்கப்பூரில் உள்ளது, இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் உண்டு’ என்று தமிழிலும் போட வேண்டும். திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க இதே ஊருக்குப் போகும் பெற்றோர் ஏராளம். அவர்களில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் கடமை. அதற்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் பணமும் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் அனுமதிக்கிறது. இந்த அளவுத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. உங்கள் ஊழியர் சொன்ன விசா பதில் உங்கள் அழைப்புப் பதிவில் இருக்கும். அதை அழிக்காமல் பாதுகாத்து வைக்கும்படி இந்தக் கடிதம் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருச்சிராப்பள்ளி

இணைப்பு: இரண்டு முன்பதிவுச் சீட்டுகள், சேவைக் கட்டண ரசீது, தேடல் பக்கத்தின் படம், நீங்கள் அனுப்பிய பயணத் திட்டம், மின்னஞ்சல் பதில்கள், கோலாலம்பூர் வழி டிக்கெட்டின் ரசீது.