சிந்துகிற நெல்லுக்கு யார் பொறுப்பு? அறுவடை மிஷின் செட்டிங் பற்றி மூன்றாவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

அனுப்புநர்: வெண்ணாற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் சொந்தமும் 3 ஏக்கர் குத்தகையும் பார்க்கும் விவசாயி

பொருள்: வாடகை அறுவடை இயந்திரங்களை வயலுக்கு ஏற்றபடி சரிசெய்து ஓட்ட உத்தரவிடக் கோருதல்

பார்வை: போன மாசியிலும் ஆடியிலும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த என் இரண்டு மனுக்கள்

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். முதல் மனுவுக்கு ‘உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு இரண்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தாங்கள் மழைச் சேதம் பார்க்க வந்தபோது காரை நிறுத்திய மதகுக்குக் கீழ்ப்புறம்தான் என் வயல், அதனால் ஊரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தை பிறந்ததும் அறுப்பு தொடங்கிவிடும் என்பதால் மறுபடியும் எழுதுகிறேன்.

1. கையறுப்புக்கு ஆள் கிடையாது. சேற்றிலும் ஓடுகிற, டயருக்குப் பதில் பட்டை மாட்டிய பெல்ட் மிஷின்தான் ஒரே வழி, அதுவும் வெளி மாவட்டத்திலிருந்து புரோக்கர் மூலம் வருகிறது. மிஷின் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

2. மிஷினுக்குப் பின்னால் எவ்வளவு நெல் போகிறது என்பதை நான் எண்ணிப் பார்த்தேன். கட்டுக்கம்பியை வளைத்து ஒரு சதுர அடிக்குச் சட்டம் செய்து, மிஷின் அறுத்துப் போன அகலத்தில் நான்கு இடத்தில் போட்டேன். வைக்கோல் விழுந்த வரிசையில் மட்டும் போட்டு எண்ணினால் கணக்கு ஏறிவிடும், அதனால் பக்கத்திலும் போட்டேன். வைக்கோலுக்கு அடியில் 180, மற்ற மூன்றில் 40, 35, 25. சராசரி 70. அறுக்காத பயிரில் தானாக உதிர்ந்து கிடந்தது 6, அதைக் கழித்தால் 64. என் ரகம் சிஆர் 1009, ஆயிரம் நெல் சுமார் 23 கிராம் இருக்கும். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. பெருக்கிப் பாருங்கள், ஏக்கருக்கு 64 கிலோ, அதாவது 40 கிலோ மூட்டையில் ஒன்றரைக்கு மேல். 2025-26 பருவத்து விலை குவிண்டால் 2,500 ரூபாயில் 1,600 ரூபாய். ஐந்து ஏக்கருக்கு 8,000. என் உர பாக்கியே அவ்வளவுதான்.

3. ஏன் சிந்துகிறது என்பதையும் பார்த்தேன். கீழே கிடந்ததெல்லாம் உதிரி நெல், நல்ல முற்றின மணி. கதிரோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருந்தால் கதிரடிக்கும் டிரம் சரியாக அடிக்கவில்லை என்று சொல்லலாம். அடித்துப் பிரித்த நெல்லை மிஷினுக்குள் இருக்கும் விசிறியின் காற்று பதரோடு சேர்த்து வெளியே தள்ளுகிறது. டிரைவர் தம்பியிடம் “காத்தைக் கொஞ்சம் குறைப்பா” என்றேன். “குறைச்சா தூசி வரும்ணே, அப்புறம் டிபிசியில உங்களைத்தான் திட்டுவாங்க” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. டிபிசி என்கிற அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் தூசி தும்பு ஒரு சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திருப்பி விடுகிறார்கள், ஈரம் 17-ஐத் தாண்டினாலும் அப்படித்தான். அதற்குப் பயந்து காற்றை முழுசாக வைத்து, நெல்லையும் ஊதித் தள்ளுகிறார்கள். ஆனால் தூசி எங்கிருந்து வருகிறது? டிரம் வேகம் அதிகமாகி, அதற்கும் கீழே உள்ள கான்கேவ் என்ற வளைந்த கம்பித் தட்டுக்கும் உள்ள இடைவெளியும் நெருக்கமாக இருந்தால் வைக்கோல் துண்டு துண்டாகிச் சல்லடையில் வந்து அடைக்கும். டேங்கில் கை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் உமி உரிந்த அரிசி கிடக்கும், அதுவே அடையாளம். டிரம்மைக் கொஞ்சம் தணித்து, வண்டியை ஒரு கியர் குறைத்து, சல்லடையைத் திறந்து வைத்தால் காற்றைக் குறைக்கலாம். இவர்களுக்குத் தெரிந்தது காற்றுத் திருகு ஒன்றுதான்! சீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறார்கள். காலைப் பனியில் ஈர வைக்கோலுக்கு வைத்த செட்டிங்கை மத்தியான வெயிலிலும் மாற்றுவதில்லை.

4. அய்யா, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே ஈரத்தில் உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அறுத்த பத்தாம் நாள் ஒரு தூறல் விழுந்தது. உளுந்து எப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று சில நாள் கழித்துப் போனால், மிஷின் போன தடம் தடமாக, கோடு போட்ட மாதிரி, நெல் முளைத்து நாற்றங்கால் போல நிற்கிறது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் கூட எட்டிப் பார்த்து “என்ன, அடுத்த போகத்துக்கு நாத்து விட்டுட்டியா?” என்று கேட்கிறான். என் அம்மா வரப்பில் உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரோடு ஒட்டியிருந்த நெல்லை உரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது, ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் காலத்தில் அறுத்த வயலில் சிந்தின கதிரைப் பொறுக்கியே ஒரு மரக்கால் சேர்த்த ஆள் அது. அந்த நெல் நாற்றை உளுந்துக்குள்ளிருந்து பிடுங்க நான்கு ஆள் கூலி தனி. நெல்லும் போய், கூலியும் போய், உளுந்தும் பாதி நசுங்கிப் போய்... இதற்கு எந்தப் படிவத்தில் நிவாரணம் கேட்பது?

5. எங்கள் மீதும் தப்பு உண்டு. வாடகை மணிக்கணக்கு, அதனால் “சீக்கிரம் ஓட்டு” என்று வரப்பில் நின்று கத்துவது நாங்கள்தான். வேகமாக ஓட்டினால் உள்ளே வைக்கோல் குவிந்து, நெல் பிரியாமல் வெளியே போகும் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

6. வருடா வருடம் அதிகாரிகள், மிஷின்காரர்கள், விவசாயிகள் என்று முத்தரப்புக் கூட்டம் போட்டு வாடகை பேசி முடிக்கிறீர்கள். பெல்ட் மிஷினுக்கு இவ்வளவு, டயர் மிஷினுக்கு இவ்வளவு என்று எழுதுகிறீர்கள். சிந்துகிற நெல்லைப் பற்றி அதில் ஒரு வரி, ஒரே ஒரு வரி சேர்க்க என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. நான் கேட்பது மானியம் இல்லை, கடன் தள்ளுபடி இல்லை. ஒவ்வொரு வயலிலும் முதல் நூறு அடி அறுத்ததும் வண்டியை நிறுத்தி, டேங்கையும் தரையையும் பார்த்து, திருக வேண்டியதைத் திருகிவிட்டு ஓட்ட வேண்டும், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வாடகை இல்லை என்று உத்தரவு போடுங்கள். இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு வயசாளி டிரைவர் நாங்கள் கேட்காமலேயே இதைச் செய்தார், அன்றைக்குத் தரையில் தேடித்தான் நெல் எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் அறுப்பு நடக்கிற ஒரு மாதம் மட்டும் வட்டாரத்துக்கு ஒரு மெக்கானிக், கையில் ஒரு கம்பிச் சட்டத்தோடு, வயலுக்கு வரட்டும். அலுவலகத்தில் உட்கார வேண்டாம்.

7. பதில் போடுங்கள் அய்யா. முடியாது என்றாலும் முடியாது என்று போடுங்கள். தை பிறக்கும் முன் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதகடி வயல்காரன்

இணைப்பு: முந்தைய ஒப்புகைச் சீட்டு நகல்கள் 2. போன தையில் வைக்கோலுக்கு அடியில் ஒரு சதுர அடியில் பொறுக்கிய நெல், பிளாஸ்டிக் பையில். 180 மணி இருக்கிறது, சந்தேகம் இருந்தால் எண்ணிக்கொள்ளலாம்.